பணிக்கு முன் எடுத்த படம்

நான்கு வருடங்களுக்கு முன்பு, மாசி மாதம், சிவராத்திரிக்கு ஐந்து நாள் இருக்கும்போது நடந்தது இது. உத்தமபாளையத்திலிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரம் போனால் முல்லையாற்றங்கரையில் எங்கள் ஊர். அப்போது நான் நூறு நாள் வேலையில் பணித்தளப் பொறுப்பாளராக இருந்தேன். பெயர்தான் பெரியது. காலையில் நாற்பது பெண்களை வரிசையாக நிற்கவைத்து போனில் வருகைப் படம் எடுக்க வேண்டும், அளந்து விட்ட வேலை நடக்கிறதா என்று பார்க்க வேண்டும், மதியம் மறுபடியும் ஒரு படம் எடுக்க வேண்டும். அவ்வளவுதான் என் அதிகாரம். ஆனால் அதை நான் கலெக்டர் உத்தியோகம் மாதிரி பார்த்தேன்.

எனக்கு ஒரு குணம் உண்டு. எதுவும் பளிச்சென்று இருக்க வேண்டும். வாசலில் நாலு வேப்பிலை விழுந்து கிடந்தால்கூட எனக்குச் சோறு இறங்காது. நான் வேலை பார்த்த வாய்க்கால் கரைகளில் ஒரு கோரைப்புல்லைக்கூட விட்டுவைத்ததில்லை. எனக்கு மதினி முறையாகும் ஒருத்தி எங்கள் கூட்டத்தில் உண்டு. வாய் கொஞ்சம் நீளம். "இவ கண்ணுல பட்ட புல்லு பொழைக்காதுடி" என்று அவள் சொல்லும்போதெல்லாம் எனக்கு உள்ளூரப் பெருமையாக இருக்கும்.

எங்கள் பக்கம் சிவராத்திரி என்றால் சிவன் கோயிலைவிடக் குலசாமி கோயிலில்தான் கூட்டம். பிழைக்கப் போனவர்கள் திருப்பூர், சென்னை, கேரளத்து எஸ்டேட் என்று எங்கே இருந்தாலும் அன்றைக்கு வந்து சேர்ந்துவிடுவார்கள். எங்கள் ஊர்க் குலசாமி கோயில் ஆற்றை ஒட்டி இருக்கிறது. கோயிலுக்கு மேற்கே ஆறு வளைந்து திரும்பும் இடத்தில் பெரிய மருதமரம் ஒன்று. அதன் வேர்கள் கரையைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கியிருக்கும். அதைச் சுற்றி ஆள் உயரத்துக்கு நாணல். வருகிற சனம் பார்த்தால் அசிங்கமாக இருக்கும், வளைவு முழுக்கச் சுத்தம் செய்துவிடு என்று பஞ்சாயத்துத் தலைவர் சொல்லியிருந்தார். எனக்குக் கரும்பு தின்னக் கூலி கொடுத்த மாதிரி இருந்தது.

இந்த வேலையில் ஒரு முறை உண்டு. பணிக்கு முன் ஒரு படம், பணி நடக்கும்போது ஒரு படம், பணிக்குப் பின் ஒரு படம். மூன்றையும் ஒரே இடத்தில் நின்று எடுத்து அனுப்ப வேண்டும். அப்போதுதான் வேலை நடந்தது என்று அலுவலகத்தில் நம்புவார்கள். முதல் நாள் காலை, பெண்கள் வருவதற்கு முன்னால், நான் மட்டும் வளைவுக்கு எதிரே இருக்கிற பாலத்துக்குப் போனேன். வளைவு முழுக்கப் போன் திரைக்குள் வருகிற மாதிரி நின்று ஒரு படம் எடுத்தேன். படத்தில் நாணல் விழுந்ததா, மரம் விழுந்ததா, தேதியும் நேரமும் கீழே வந்ததா என்று பார்த்து அனுப்பிவிட்டேன்.

மூன்று நாள் வெட்டியும் பாதிதான் முடிந்தது. காய்ந்த நாணல் கையைக் கிழித்தது. உள்ளே பாம்பு கிடக்கும் என்று பெண்கள் தயங்கினார்கள். மூன்றாம் நாள் பதினோரு மணிக்கு ஓவர்சியர் போன் செய்தார். சாயங்காலத்துக்குள் பணிக்குப் பின் படம் வந்தாக வேண்டும் என்றார். நான் நாணலைப் பார்த்தேன். பெண்களைப் பார்த்தேன். "வெட்டுனது போதும். மிச்சத்தைக் கொளுத்திருங்க" என்று சொன்னேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. என் வாயால் நான்தான் சொன்னேன்.

தீப்பெட்டி கொடுத்தது மதினி. காற்று மேற்கிலிருந்து அடித்தது. காய்ந்த நாணல் படபடவென்று பிடித்துக்கொண்டது. நாங்கள் எல்லாரும் பின்னால் தள்ளி நின்று, ஒரு வேலை முடிந்தது என்ற நிம்மதியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தோம். அப்போது விசில் அடிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. பறவை என்று நினைத்தேன். சத்தம் நிற்கவில்லை.

புகைக்குள்ளிருந்து பழுப்பு நிறத்தில் ஏதோ ஒன்று வெளியே வந்தது. முதலில் கீரி என்றுதான் நினைத்தேன். கீரியைவிடப் பெரிது. உடம்பு ஈரத்தில் மின்னியது. வாயில் ஒரு குட்டியைக் கழுத்தோடு கவ்வியிருந்தது. நட்ட நடுப்பகலில், நாற்பது பேர் பார்த்துக்கொண்டு நிற்க, எங்களை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் குறுக்கே ஓடி ஆற்றில் இறங்கியது. நீந்திப்போய் அக்கரைப் பாறையின் இடுக்கில் குட்டியை வைத்தது. வைத்ததும் திரும்பி நீந்தி வந்து நேராக நெருப்புக்குள் போனது.

"ஆத்தாடி, ஆத்துநாயி! உள்ள குட்டி கெடக்குடி!" என்று கத்தியது மதினிதான்.

நீர்நாயை எங்கள் பக்கம் ஆத்துநாய் என்றுதான் சொல்வார்கள். கேள்விப்பட்டிருக்கிறேனே தவிர அதுவரை நான் பார்த்ததில்லை. பார்த்தவர்களும் வலை போடுகிற ஆட்களாக இருப்பார்கள், அவர்களும் திட்டிக்கொண்டுதான் சொல்வார்கள். அதற்குள் மதினி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மண் அள்ளுகிற இரும்புச் சட்டியோடு ஆற்றில் இறங்கிவிட்டாள். அவளைப் பார்த்து மற்றவர்கள். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. மண் அள்ளும்போது சட்டி கை மாறுகிற மாதிரியே தண்ணீர்ச் சட்டி கை மாறிக் கரைக்கு வந்தது. முன்வரிசையில் நின்று நான் வாங்கி வாங்கி ஊற்றினேன். புருவ முடி பொசுங்கியது அப்புறம்தான் தெரிந்தது.

தாய் இரண்டாவது குட்டியோடு வெளியே வந்து ஆற்றில் இறங்கியது. மூன்றாவது தடவை வந்தபோது மருதமர வேர் பக்கம் போகவே முடியவில்லை. நெருப்பு அங்கேதான் இருந்தது. கரை ஓரத்தில் நின்று அந்த விசில் சத்தத்தைப் போட்டுக்கொண்டே இருந்தது. நாங்கள் நெருப்பை அணைத்து முடிக்க இன்னும் கொஞ்ச நேரம் ஆனது. அந்தக் கொஞ்ச நேரம்தான் தாமதமாகிப் போனது.

வேருக்கு அடியில் ஒரு பொந்து இருந்தது. அதன் வாசலில் மூன்றாவது குட்டி கிடந்தது. எரியவில்லை, புகைதான். கையில் எடுத்தபோது சூடாக, ஒரு மாம்பழம் கனத்தில் இருந்தது. விரல்களுக்கு நடுவே சவ்வு இருந்தது. எனக்கு இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். இதற்கு மேல் அந்த நிமிஷத்தைப் பற்றி எனக்கு எழுத வரவில்லை. மரத்தடியிலேயே புதைத்தோம்.

சாயங்காலம் பாலத்துக்குப் போய்ப் பணிக்குப் பின் படம் எடுத்தேன். எடுத்தாக வேண்டும், எடுத்தேன். கரி படிந்த மொட்டைக் கரை. ஓவர்சியர் எங்கள் வாட்ஸப் குழுவில் கட்டைவிரலை உயர்த்தி ஒரு படம் போட்டார். அடுத்தடுத்து எட்டுப் பத்துக் கட்டைவிரல்கள் வந்தன. 'சூப்பர் சிஸ்டர்' என்று ஒருவர் எழுதியிருந்தார். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அழுதேன். என் வீட்டுக்காரர் குமுளி எஸ்டேட்டுகளுக்கு ஏலக்காய் பறிக்கிற ஆட்களை ஏற்றிப்போகிற ஜீப் ஓட்டுகிறார். களைத்துப்போய் வந்தவர் என்னைப் பார்த்துவிட்டு, "தெரியாம நடந்துச்சு. நீ என்ன வேணும்னா செஞ்ச?" என்றார். வேண்டுமென்று செய்யவில்லைதான். ஆனால் ஒரு நிமிஷம் குனிந்து பார்த்திருக்கலாம் அல்லவா?

சிவராத்திரி முடிந்து கூட்டம் கலைந்த பிறகு தினமும் காலையில் அந்த வளைவுக்குப் போக ஆரம்பித்தேன். மன்னிப்புக் கேட்கவா, வேவு பார்க்கவா, எனக்கே தெரியாது. ஒன்றும் கண்ணில் படவில்லை. அங்கே வலை போடுகிற ஓர் அண்ணன் வருவார். ஜிலேபி மீனும் கெண்டையும் பிடித்து ஊருக்குள் விற்பவர். நீர்நாய் வலையைக் கிழித்துவிடுகிறது என்று வருடம் முழுக்கப் புலம்புகிற மனிதர். அவர் மகிழ்ச்சியாகத்தான் இருப்பார் என்று நினைத்தேன். ஒரு நாள் வளைவில் ஆழமாகக் கிடக்கிற மடுவைப் பார்த்தபடி, "அதுக கெடக்குற எடத்துலதான் மீனும் கெடக்கும் தங்கச்சி. வலை கிழியலையேன்னு சந்தோசப்பட்டா, இப்ப வலையில ஒண்ணும் இல்ல" என்றார்.

பங்குனியில் நாணல் கரிக்கு நடுவிலிருந்து பச்சையாகத் துளிர்த்தது. என் வாழ்க்கையில் ஒரு புல் முளைத்ததற்கு நான் சந்தோஷப்பட்டது அப்போதுதான். ஒரு காலை அந்த அண்ணன் சைக்கிளை வீட்டு வாசலில் நிறுத்தி, கிழிந்த வலையைத் தூக்கிக் காட்டினார். முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, "ஒங்க ஆளுக வந்துட்டாக" என்றார். சம்பந்தி வீட்டார் வந்துவிட்டார்கள் என்று சொல்கிற மரியாதையில் சொன்னார். நான் சிரித்த சிரிப்பில் அடுப்பில் பால் பொங்கிப் போனதே தெரியவில்லை.

ஓடிப்போய்ப் பார்த்தேன். மணலில் கால் தடம் இருந்தது. பாறை மேல் மீன் செதிலும் முள்ளுமாக எச்சம் இருந்தது. அதே மருதமரம், அதே பொந்து.

அந்தச் சந்தோஷம் இரண்டு வாரம்கூட நிலைக்கவில்லை. வளைவில் சிவப்புப் பெயின்ட் அடித்த குச்சிகளை ஊன்றிக்கொண்டிருந்தார்கள். விசாரித்தேன். படித்துறை வருகிறதாம். அதோடு கரை நெடுக கான்கிரீட் தடுப்புச் சுவர், நடைபாதை, உட்கார சிமென்ட் பெஞ்சு. மருதமரத்தை எடுத்துவிடுவார்களாம். மரத்துக்குப் பின்னால் இருந்த வாழைத் தோட்டத்தை வெளியூர்க்காரர் ஒருவர் வாங்கி மனைகளாகப் பிரித்துப் போட்டிருந்தார். 'ஆற்றைப் பார்த்தபடி ஒரு வீடு' என்று பஸ் நிறுத்தத்தில் பேனர் இருந்தது. ஆற்றைப் பார்க்க நாணல் மறைக்கிறது, அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் படித்துறை வேண்டும் என்று ஊரில் எல்லாருமே கேட்டுக்கொண்டிருந்தோம், அதையும் சொல்ல வேண்டும். குளிக்கிற இடத்தில் வழுக்கி விழுந்து என் பெரியம்மா முறையாகும் ஒருவர் இடுப்பு ஒடிந்து கிடந்தார். படித்துறை வேண்டாம் என்று சொன்னால் என்னை ஆற்றிலேயே தள்ளிவிடுவார்கள்.

குச்சி ஊன்ற வந்து பாலத்தில் நின்றிருந்த பொறியாளர் நல்ல மாதிரிதான் பேசினார். இங்கே நீர்நாய் குடியிருக்கிறது சார் என்றேன். கையில் இருந்த கோப்பைப் புரட்டினார். "இங்க ஒண்ணுமே இல்லம்மா. வெறும் கரைன்னுதான் ரிப்போர்ட்ல இருக்கு. இந்தா பாருங்க, உங்க பஞ்சாயத்துல இருந்தே போட்டோ குடுத்திருக்காங்களே" என்று ஒரு தாளைக் காட்டினார்.

நான் எடுத்த படம். பாலத்தில் நின்று எடுத்த, பணிக்குப் பின் படம். கரி படிந்த மொட்டைக் கரை. கீழே தேதி, நேரம் எல்லாம் சுத்தமாக விழுந்திருந்தது. அங்கே உயிர் எதுவும் இல்லை என்பதற்கு என் கையால் நானே சாட்சி எழுதிக் கொடுத்திருந்தேன். பாலத்துச் சுவரில் உட்கார்ந்துவிட்டேன். கோபம் யார் மேல் வந்தது தெரியுமா? முதலில் என் மேல்தான் வந்தது. அப்புறம்தான் மற்றவர்கள் மேல். அந்தக் கோபம்தான் அடுத்த ஒரு மாதம் என்னை நடத்திக்கொண்டு போனது.

பணிக்குப் பின் படம் ஒன்று இருந்தால், பணிக்கு முன் படம் ஒன்று இருக்க வேண்டுமே. அன்றைக்கு முழுக்க போனைத் துழாவினேன். பிள்ளைகள் ஆட்டம், கல்யாண வீட்டுச் சாப்பாடு, நாற்பது பெண்கள் வரிசை, நாற்பது பெண்கள் வரிசை, நாற்பது பெண்கள் வரிசை. கடைசியில் கிடைத்தது. விரித்துப் பார்த்தேன். மருதமர வேர்ப் பக்கம், மணலில், புள்ளி புள்ளியாக ஏதோ தெரிந்தது. கல்லா, கட்டையா என்று தெரியவில்லை.

உத்தமபாளையத்தில் ஒரு போட்டோ ஸ்டூடியோவுக்குப் போனேன். கடை வைத்திருந்த பாய் படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, வெளிச்சம் கூட்டி, பெரிதாக்கினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரைக்குக் கிட்டே போனார்.

"என்னம்மா இது, கல்யாண குரூப் போட்டோ மாதிரி நிக்கிறாக? ஒண்ணு, ரெண்டு… சின்னதா மூணு. ஆக மொத்தம் அஞ்சு உருப்படி. எல்லாம் ஒங்களையேதான் பாக்குது."

ஐந்து. பெரியவை இரண்டும் பின்னங்காலில் எழுந்து நின்று, பாலத்தில் நின்ற என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. முன்னால் மூன்று குட்டிகள். நான் நாணல் விழுந்ததா, மரம் விழுந்ததா என்று பார்த்தேனே தவிர, அவற்றைப் பார்க்கவே இல்லை. அந்த மூன்றில் எது என்று தெரியாமல் மூன்றையும் மாறி மாறிப் பார்த்தேன். பாய் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். காலண்டர் அளவுக்கு இரண்டு பிரதி போடச் சொன்னேன்.

இனி அதைக் காட்ட வேண்டியதுதானே என்று நினைப்பீர்கள். அதில்தான் சிக்கல். நீர்நாய் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட விலங்கு. இந்தப் படத்தைக் காட்டினால், அப்புறம் அந்தக் கரை எப்படி மொட்டையானது என்று கேட்பார்கள். யார் கொளுத்தச் சொன்னது என்று கேட்பார்கள். வேலை போகும், வழக்கும் வரலாம். இந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்ததே தலைவர்தான். என் வீட்டுக்காரர் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் ஜீப்பைத் துடைத்துக்கொண்டே, "கேஸுகீஸுன்னு வந்தா நான் என்னத்தப் பண்ணுவேன்?" என்றார். அப்புறம் அவரே, "காட்டாம இருந்தா நீ தூங்க மாட்ட. அதுவும் எனக்குத் தெரியும்" என்றார். அதற்கு மேல் அவர் தடுக்கவில்லை.

மே தினத்தன்று கிராம சபை. எங்கள் ஊரில் கிராம சபை என்றால் நூறு நாள் வேலை ஆட்கள்தான் கூட்டம். சமுதாயக் கூடத்துக்கு வந்து, வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டு, டீயும் வடையும் சாப்பிட்டுப் போய்விடுவோம். தீர்மானத்தை அப்புறம் எழுதிக்கொள்வார்கள். கையெழுத்து வாங்குகிற நோட்டு என்னிடம்தான் இருக்கும். எத்தனையோ தடவை அதை நான் சுற்றுக்கு விட்டிருக்கிறேன். எதற்கு என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

அன்றைக்கு நோட்டைச் சுற்றுக்கு விடவில்லை. மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தலைவர் படித்துறை பற்றிப் பேசி முடித்து, "ஏத்தா, நோட்டைக் குடு, கையெழுத்துப் போடட்டும்" என்றார். எழுந்து நின்றேன். "என்னத்துக்குக் கையெழுத்துன்னு வாசிச்சிட்டுப் போடுவோம் தலைவரே" என்றேன். கூடத்தில் வடை மென்றுகொண்டிருந்தவர்கள் எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள்.

படத்தை எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்தேன். இரண்டு தடவை சரிந்து விழுந்தது. இது பணிக்கு முன் எடுத்த படம் என்று சொன்னேன். இதில் இருப்பது ஐந்து, இப்போது அங்கே இருப்பது நான்கு என்று சொன்னேன். கொளுத்தச் சொன்னது நான், அவசரப்பட்டது நான், இதில் இந்தப் பெண்களுக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை, எங்கே வேண்டுமானாலும் எழுதிக் கொடுக்கிறேன் என்று சொன்னேன். ஒரு தடவை செய்ததையே என்னால் தாங்க முடியவில்லை, மறுபடியும் கான்கிரீட் போட்டு மூடுவதற்கு என் கையால் நோட்டைச் சுற்றுக்கு விட மாட்டேன் என்றேன். எவ்வளவு நேரம் பேசினேன் என்று தெரியவில்லை. அழவில்லை. அழக்கூடாது என்று வீட்டிலேயே முடிவு பண்ணிக்கொண்டு போயிருந்தேன்.

மனை விற்கிறவரின் ஆள் ஒருவர் பின்னால் நின்றிருந்தார். நாய்க்காக ஊர் வளர்ச்சியை நிறுத்துவீர்களா என்று சிரித்தார். அதுதான் அவர் செய்த தப்பு. மதினி எழுந்துவிட்டாள்.

"ஏலே, யாருடா நீ? ஒனக்கு எங்க ஊருல ஓட்டு இருக்கா? இங்கன நின்னு சிரிக்கிற! அது நெருப்புக்குள்ளருந்து ரெண்டு வாட்டி குட்டியத் தூக்கிட்டு வந்துச்சு, நாங்க நாப்பது பேரும் பாத்தோம். தீப்பெட்டி என்னுது. கேஸு போடணும்னா எம்மேலயும் போடுங்க. நீ ஒம் மனையை வித்துக்க, எங்க ஆத்தை விக்காத."

கூடம் கலகலத்தது. ஆனால் சிரிப்பில் முடிகிற விஷயம் இல்லை அது. படித்துறைக்கு என்ன வழி என்று ஒருவர் நியாயமாகக் கேட்டார். அதற்குப் பதில் சொன்னது, இடுப்பு ஒடிந்து நாற்காலியில் தூக்கிவந்து உட்காரவைத்திருந்த என் பெரியம்மா. "நான் விழுந்தது பம்புரூமுக்கு அங்கிட்டு. சனம் பூராம் குளிக்கிறது அங்கன. படித்துறையைக் கொண்டுபோயி மருதமரத்துக்கிட்ட கட்டினா, நான் என்ன நீந்தியா போவேன்?" என்றார். இவ்வளவு எளிய விஷயம், குச்சி ஊன்றியபோது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியவர்களும் சொல்லவில்லை.

வலை போடுகிற அண்ணன் கூடத்தின் வாசலில் நின்றபடியே, அந்த மடுவை மூடினால் மீனும் போய்விடும், தனக்கு வலை கிழிந்தாலும் பரவாயில்லை என்றார். அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று முகத்திலேயே தெரிந்தது. தலைவர் முகம் சிவந்து உட்கார்ந்திருந்தார். கடைசியில், எல்லார் எதிரிலும் தீர்மானத்தை எழுதச் சொன்னோம். படித்துறை பம்புரூம் பக்கம் வேண்டும், மருதமர வளைவில் கல்லோ சிமென்டோ வைக்கக் கூடாது, வனத்துறை வந்து பார்க்க வேண்டும். எழுதியதை நானே சத்தமாக வாசித்தேன். அதற்கப்புறம்தான் நோட்டைச் சுற்றுக்கு விட்டேன். கைநாட்டு வைக்கிறவர்கள்கூட, "எங்க, மறுபடி ஒருக்கா வாசி" என்று கேட்டுவிட்டு வைத்தார்கள்.

மறுநாளே எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று எழுதினால் அது கதையாகிவிடும். வனத்துறையிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். எச்சத்தைப் பார்த்தார், பொந்தைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன். மருதமரத்தடியில் குட்டியைப் புதைத்த இடத்தையும் காட்டினேன். வழக்கு போடவில்லை. ஆனால் அவர் பேசிய பேச்சை நான் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. அடுத்த வாரம் பொறுப்பாளர் வேலையிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். மூன்று வருடம் அதே நாற்பது பேர் வரிசையில் மண்வெட்டியோடு நின்று படத்துக்கு முகம் காட்டினேன். "என்ன கலெக்டரம்மா, சட்டி கனக்குதா?" என்று மதினி கேலி செய்வாள். கனத்தது. ஆனால் சோறு இறங்கியது.

குச்சிகள் அதோடு நிற்கவில்லை. இன்னும் இரண்டு தடவை வந்தன. ஒரு தடவை நடைபாதை மட்டும் என்றார்கள், இன்னொரு தடவை மின்விளக்கு மட்டும் என்றார்கள். ஒவ்வொரு தடவையும் அந்தப் படத்தையும் தீர்மான நகலையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு தேனி வரைக்கும் பஸ் ஏறினேன். என்னோடு எப்போதும் யாராவது இரண்டு பெண்கள் வருவார்கள். ஒரு அலுவலகத்தில் எங்களைப் பார்த்ததுமே, "அந்த நீர்நாய்க்காரம்மா வந்துட்டாங்க" என்று உள்ளே சொல்லப் போனார் ஒருவர். அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டேன். படித்துறை பம்புரூம் பக்கம் கட்டி முடித்துவிட்டார்கள். என் பெரியம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கிக் குளிக்கிறார். வளைவில் நாணல் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிறது. ஆற்றைப் பார்த்தபடி வீடு கட்டியவர்கள் நாணலைப் பார்த்தபடி இருக்கிறார்கள். அதில் ஒரு வீட்டுக்காரர் மட்டும், சாயங்காலம் மாடியில் நின்றால் நீர்நாய் தெரிகிறது என்று தன் சொந்தக்காரர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டுகிறாராம்.

போன வருடம் தலைவரே கூப்பிட்டுப் பொறுப்பாளர் வேலையைத் திரும்பக் கொடுத்தார். இந்தச் சிவராத்திரிக்கும் கரை சுத்தம் செய்தோம், வளைவுக்கு இந்தப் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டோம். வலை போடுகிற அண்ணன் வழக்கம்போலக் கடுகடுவென்று வந்து, "இந்த வருசம் குட்டி நாலு போட்டுருக்காக" என்றார். நான் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

இப்போதும் எந்த வேலை தொடங்கினாலும் பணிக்கு முன் ஒரு படம் எடுக்கிறேன், ஆனால் எடுத்தவுடன் அனுப்புவதில்லை. இரண்டு விரலால் விரித்து, மரத்தடி, மணல், கரையோரம் என்று ஒவ்வொரு மூலையாகப் பார்க்கிறேன். பின்னால் நிற்கிற பெண்கள், "என்னத்தா, அங்கன யாரத் தேடுற?" என்று அவசரப்படுத்துவார்கள். அந்தக் காலையில் பாலத்தின் மேல் இதே மாதிரி ஒரு நிமிஷம் தேடியிருந்தால் ஐந்தும் ஐந்தாகவே இருந்திருக்கும் என்று அவர்களிடம் சொல்வதில்லை. எனக்கு நானே ஒவ்வொரு தடவையும் சொல்லிக்கொண்டு, அதற்கப்புறம்தான் மண்வெட்டியைத் தொடச் சொல்கிறேன்.